சிப்ரோ கேட்காத வெட்டை: ரிக் வண்டித் தொழிலாளி ஒருவரின் நிகழ்வு ஆய்வு

திருச்செங்கோட்டைச் சுற்றி வைத்தியம் பார்க்கிறவர்களுக்கு வைகாசி, ஆனி மாதங்களில் போர்வெல் தோண்டும் ரிக் வண்டிக்காரர்கள் வரத் தொடங்குவது தெரியும். சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம், ஒடிசா என்று மாதக்கணக்கில் போர் போட்டுவிட்டு, மழை பிடித்து வேலை குறையும்போது ஊர் திரும்புவார்கள். முதுகு வலி, காது மந்தம், தூசி இருமல் என்று ஒவ்வொன்றாகச் சொல்வார்கள். இன்னொன்றை மட்டும் எழுந்து கதவு வரை போய், அப்புறம் திரும்பி வந்து சொல்வார்கள்.

அப்படிக் கடைசியாகச் சொன்ன ஒருவரைப் பற்றியது இந்த ஆய்வு. அவரும் அவர் மனைவியும் சம்மதித்த பிறகுதான் எழுதுகிறேன், அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். வெட்டை என்று ஊரில் சொல்லும் கொனோரியாவுக்கு இன்றைக்கும் நல்ல மருந்து இருக்கிறது, ஒரே ஊசியில் போகும். ஆனால் கணவனுக்கு மட்டும் அந்த ஊசியைப் போட்டு அனுப்புவது வைத்தியமே ஆகாது. இதைத்தான் சொல்ல வருகிறேன்.

முதல் முறை வந்தபோது

முப்பதைத் தாண்டியவர், ரிக்கில் டிரில்லர் வேலை. தேர்த் திருவிழாவுக்காகக் கொஞ்சம் முன்னாலேயே ஊருக்கு வந்திருந்தார். "சூடு புடிச்சிக்கிச்சுங்க டாக்டர், ஒண்ணுக்குப் போனா சுள்ளுனு எரியுதுங்க. வண்டிலயே உக்காந்து வந்தமுங்களா, அந்த இன்ஜின் சூடுதானுங்க" என்றார். எத்தனை நாளாக என்று கேட்டேன். ஒரு வாரத்துக்கு மேல் என்றார். ஜட்டியில் கறை படுகிறதா என்றதும் தலையைக் குனிந்துகொண்டார்.

நடந்தது இதுதான். ஊருக்குக் கிளம்புவதற்கு முன், வேலை பார்த்த இடத்தில் ஒரு பெண்ணோடு ஆணுறை இல்லாமல் உறவு. நாலாம் நாள் எரிச்சல், ஐந்தாம் நாள் மஞ்சளாகச் சீழ். கொனோரியா அனேகமாக 2 முதல் 7 நாளைக்குள் வெளியே தெரிந்துவிடும் என்பதால் கணக்கு ஒத்துப்போனது. நெடுஞ்சாலையோரம் ஒரு மருந்துக் கடையில் விஷயத்தைச் சொல்லாமல் "நீர்க்கடுப்பு" என்று மட்டும் சொல்லி மாத்திரை கேட்டிருக்கிறார். சிப்ரோஃப்ளாக்ஸசின் 500 மில்லிகிராம், காலை ஒன்று, இரவு ஒன்று, ஐந்து நாளைக்கு. கூடவே எரிச்சலுக்கு ஒரு சிரப். சீழ் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது, சரியாகிவிட்டது என்று நம்பி ஊர் வந்து சேர்ந்தார், மனைவியோடு இருந்தார். இரண்டு நாளில் மறுபடியும் சீழ். என்னிடம் வந்தபோது அந்த வெளியூர் உறவு நடந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது.

பரிசோதித்ததில் சிறுநீர்த் துவாரம் சிவந்து, லேசாக அழுத்தினாலே கெட்டியான மஞ்சள் சீழ் வந்தது. புண் இல்லை. தொடை இடுக்கில் நெறி கட்டவில்லை, விதைப்பையில் வீக்கமோ வலியோ இல்லை, காய்ச்சல் இல்லை. விதைப்பை வலித்திருந்தால் வைத்தியத்தின் நாள்கணக்கே மாறும் என்பதால் அதைத் தொட்டுப் பார்க்காமல் யாரையும் அனுப்பக் கூடாது. வாய்வழி உறவு உண்டா என்றும் கேட்டேன், இல்லை என்றார். இந்தக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்படுகிற மருத்துவர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். தொண்டையில் இந்தக் கிருமி உட்கார்ந்துவிட்டால் வலியே தெரியாது, மருந்துக்கும் அங்கே எளிதில் மசியாது. அதனால் கேட்டே ஆக வேண்டும்.

சீழை ஒரு கண்ணாடித் தகட்டில் தடவி, லேசாகச் சூடு காட்டி, கிராம் சாயம் ஏற்றிப் பார்த்தோம். கண்ட அனுபவம் இருந்தால் இது இருபது நிமிட வேலை. ஊதா சாயம், அயோடின், அசிட்டோனால் கழுவல், கடைசியில் சிவப்புச் சாயம். எண்ணெய் லென்ஸை இறக்கிப் பார்த்தால் வெள்ளணுக்களின் வயிற்றுக்குள்ளே, காபிக்கொட்டை இரண்டை முகம் பார்க்க வைத்த மாதிரி, இளஞ்சிவப்பு நிறத்தில் ஜோடி ஜோடியாகக் கிருமி. சீழ் வடிகிற ஆணிடம் இதைப் பார்த்துவிட்டால் கொனோரியா என்று தயங்காமல் சொல்லலாம். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் பிடித்துவிடும், பொய்யாகக் காட்டுவது மிகவும் அபூர்வம். பெண்களிடம் இதே சோதனை பாதிப் பேரைத் தவறவிட்டுவிடும், அந்த வித்தியாசம் இந்தக் கதையில் பின்னால் வரும்.

ரத்தத்தில் விடிஆர்எல் என்ற சிபிலிஸ் சோதனை, எச்ஐவி, ஹெபடைட்டிஸ் பி மூன்றும் பார்த்தோம், மூன்றும் இல்லை என்று வந்தது. இப்போது இல்லை என்பதை வைத்து முடிவு கட்ட முடியாது, மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பார்க்கோணும் என்று அப்போதே சொல்லிவிட்டேன். எச்ஐவி தொற்றாமல் இருக்கத் தருகிற தடுப்பு மருந்தை உறவு நடந்த 72 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும், அந்தக் காலம் எப்போதோ தாண்டியிருந்தது.

சிப்ரோ ஏன் கேட்கவில்லை

கடைக்காரர் மோசமானவர் என்று நான் சொல்லவில்லை. நீர்க்கடுப்பு என்று சொன்னதும் நீர்க்கடுப்புக்கான மாத்திரையைக் கொடுத்தார். ஒரு காலத்தில் கொனோரியாவுக்கும் சிப்ரோ 500 ஒரே மாத்திரையில் வேலை செய்தது உண்மைதான். அந்தக் காலம் போய்விட்டது. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2007-லேயே இந்தக் குடும்ப மருந்துகளைக் கொனோரியாவுக்குக் கொடுக்கக் கூடாது என்று நிறுத்திவிட்டது. நம் நாட்டில் அதற்கு முன்பே கிருமி பழகிவிட்டது, இன்றைக்கு இங்கே வளர்த்துப் பார்க்கிற கொனோரியாக் கிருமிகளில் பெரும்பாலானவை சிப்ரோவுக்கு அடங்குவதில்லை. ஆஃப்ளாக்ஸசினும் ஆர்னிடசோலும் சேர்ந்த மாத்திரையை வயிற்றுப்போக்கு முதல் வெட்டை வரை எல்லாவற்றுக்கும் கொடுக்கிற பழக்கமும் நம்மிடம் இருக்கிறது. அதிலுள்ள ஆஃப்ளாக்ஸசினும் சிப்ரோவின் குடும்பம்தான்.

இந்தக் கிருமிக்கு இது புதிதும் இல்லை. 1930-களில் சல்ஃபா மருந்து வந்தது, பத்து வருடத்தில் தோற்றது. 1940-களில் பென்சிலின் வந்தது, வருடத்துக்கு வருடம் அளவைக் கூட்டிக்கொண்டே போனார்கள், 1976-ல் பென்சிலினையே உடைத்துப் போடும் நொதியோடு கிருமி வந்து நின்றது. அப்புறம் டெட்ராசைக்ளின், அப்புறம் சிப்ரோ. ஜப்பானின் கியோட்டோவில் 2009-ல் ஒருவரின் தொண்டையிலிருந்து எடுத்த கிருமி, நாம் கடைசியாக நம்பியிருக்கிற செஃப்ட்ரையாக்ஸோனுக்கே அடங்கவில்லை, 2011-ல் அதை உலகத்துக்குச் சொன்னார்கள். 2017-ல் உலக சுகாதார நிறுவனம் புது மருந்து அவசரமாகத் தேவைப்படும் கிருமிகளின் பட்டியலில் இதைச் சேர்த்தது. 2020-ல் மட்டும் உலகம் முழுக்க 8.2 கோடிப் பேருக்குப் புதிதாகக் கொனோரியா வந்திருக்கும் என்பது அந்த நிறுவனத்தின் மதிப்பீடு. இவ்வளவு பேரிடம் இருக்கிற ஒரு கிருமிக்கு முன்னால் நம்மூரில் கையில் ஒரே ஒரு நல்ல மருந்தோடு நிற்கிறோம்.

சட்டத்தில் இதற்கு ஒரு தடுப்பு இருக்கிறது. 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த ஹெச்1 பட்டியலில் செஃப்ட்ரையாக்ஸோன், செஃபிக்ஸிம் எல்லாம் உண்டு. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்றால் எழுதிய மருத்துவர் பெயர், நோயாளி பெயரோடு தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்கோணும். சிப்ரோ அந்தப் பட்டியலில் இல்லை என்றாலும் அதுவும் சீட்டோடு மட்டுமே விற்க வேண்டிய மருந்துதான். நடைமுறையில் என்ன நடக்கிறது என்பது நம் எல்லோருக்கும் தெரியும்.

கொடுத்த மருந்தும் அதற்கான காரணமும்

செஃப்ட்ரையாக்ஸோன் 500 மில்லிகிராம், ஒரு சதவீத லிக்னோகெய்னில் கரைத்து இடுப்புச் சதையில் ஒரே ஊசி. லிக்னோகெய்னில் கரைக்காமல் போட்டால் இந்த ஊசி நன்றாகவே வலிக்கும், கரைத்துப் போடும் கலவையை ரத்தக் குழாயில் மட்டும் ஏற்றிவிடக் கூடாது. அமெரிக்க வழிகாட்டுதல் 2020 முதல் 500 மில்லிகிராம் சொல்கிறது, பிரிட்டனில் 2019 முதல் ஒரு கிராம். நம் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கொடுக்கும் சாம்பல் நிற கிட்டில் செஃபிக்ஸிம், அசித்ரோமைசின் மாத்திரைகள் இருக்கும், இரண்டையும் நர்ஸ் முன்னாலேயே விழுங்கிவிட்டுப் போகலாம். ஊசி போட வசதி இல்லாத இடத்தில் அது பெரிய உதவி, எண்ணற்றவர்களைக் குணப்படுத்தியிருக்கிறது. ஆனால் ஊசிக்கு வழியிருக்கும்போது நான் ஊசியைத்தான் தேர்ந்தெடுப்பேன், ஏனென்றால் செஃபிக்ஸிம் மாத்திரை ரத்தத்தில் அந்த உயரத்துக்கு ஏறுவதும் இல்லை, அவ்வளவு நேரம் நிற்பதும் இல்லை, தொண்டையில் இன்னும் பலவீனம்.

ஊசியோடு டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம், நாளைக்கு இரண்டு, ஏழு நாள். இது கொனோரியாவுக்காக இல்லை. கொனோரியா வந்தவரிடம் கிளமிடியா என்ற இன்னொரு கிருமி சேர்ந்தே இருப்பது சகஜம், அது நம் உயிரணுவுக்குள்ளே ஒளிந்து வாழ்வதால் செஃப்ட்ரையாக்ஸோன் அதை ஒன்றும் செய்யாது. சிறுநீரில் பிசிஆர் சோதனை செய்தால் கிளமிடியா இருக்கிறதா என்று தெரிந்துவிடும், ஆனால் வெளி லேபில் சில ஆயிரம் ரூபாய் ஆகும், அவரால் முடியவில்லை. சோதனை இல்லையென்றால் இருப்பதாகவே எடுத்துக்கொண்டு மருந்து கொடுப்பதுதான் முறை.

அசித்ரோமைசின் ஒரே வேளை என்றால் சுலபமாச்சே என்று கேட்பவர்கள் உண்டு. கிளமிடியாவில் டாக்ஸி அதைவிட நன்றாக வேலை செய்கிறது என்று தெளிவாகியிருக்கிறது. இன்னொன்று, அசித்ரோ உடம்பில் நாள்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் தங்கும், பாதி வெளியேறவே சுமார் 68 மணி நேரம் ஆகும். கிருமியைக் கொல்லப் போதாத அளவில் மருந்து இப்படி நின்றால் கிருமி மருந்துக்குப் பழகிக்கொள்கிறது. சளிக்கும் தொண்டைவலிக்கும் அசித்ரோ 500-ஐ மூன்று நாள் பட்டையாக வாங்கித் தின்கிற ஊர் நம்முடையது.

டாக்ஸியை எப்படிச் சாப்பிடுவது என்பதற்குத் தனியாக நேரம் ஒதுக்கினேன். ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு, உட்கார்ந்து அல்லது நின்றபடி விழுங்க வேண்டும், விழுங்கியதும் படுக்கக் கூடாது. ஒரு மடக்குத் தண்ணீரோடு போட்டுவிட்டுப் படுத்தால் மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கிவிடும், நெஞ்சுவலி என்று பயந்துபோய் வருவார்கள். இரும்புச்சத்து மாத்திரை, அல்சர் மருந்து இவற்றோடு சேர்த்துச் சாப்பிடக் கூடாது. முக்கியமாக வெயில். இந்த மாத்திரை சாப்பிடும்போது வெயில் பட்டால் தோல் வெந்து போகும். வெயிலில் நிற்பதே தொழிலாக உள்ளவருக்கு இதைச் சொல்லாமல் விட்டால் மூன்றாம் நாளே மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடுவார்.

ஏழு நாளைக்கு உறவு கூடாது, மனைவியை அழைத்து வர வேண்டும். இந்த இரண்டும் மாத்திரையைவிட முக்கியம் என்று சொன்னேன். "அது அம்மா ஊட்டுக்குப் போயிருக்குதுங்க, வந்ததும் கூட்டியாறேன்" என்றார்.

திரும்பி வந்தது

ஐந்தாம் நாள் போன் செய்தார், சீழ் சுத்தமாக நின்றுவிட்டது. மூன்றரை வாரம் கழித்து நேரில் வந்தார். மறுபடியும் அதே எரிச்சல், அதே சீழ். முகம் செத்துப் போயிருந்தது. "ஊசி கேக்கலீங்களா டாக்டர்? பெரிய வியாதியாயிருச்சுங்களா?" என்றார்.

இந்த இடத்தில் அவசரப்பட்டு இன்னொரு வீரியமான மருந்துக்குப் போவது எளிது. நெட்டில் நாலு பேர் எழுதியிருப்பார்கள், புது ரகக் கிருமி என்று. உண்மையில் சரியான ஊசிக்குப் பிறகு சீழ் திரும்பினால் காரணம் மருந்து தோற்றதாக இருப்பதைவிட, கிருமி மறுபடி ஒட்டிக்கொண்டதாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். மாத்திரை முழுசாகச் சாப்பிட்டாரா? சாப்பிட்டார், வெறும் பட்டையைக் கொண்டுவந்து காட்டினார். வெளியே வேறு யாரோடாவது? இல்லை. மனைவியோடு? கொஞ்ச நேரம் பேசவில்லை. பத்து நாள் கழிந்ததும் இருந்திருக்கிறார்கள். மனைவி அம்மா வீட்டுக்குப் போகவே இல்லை, இவருக்கு அவரிடம் சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

அப்புறம் இன்னொன்றையும் சொன்னார். தைப் பொங்கலுக்கு வந்துபோனதில் மனைவி உண்டாகியிருக்கிறார். இப்போது ஐந்து மாதம்.

சீழைத் தகட்டில் தடவிப் பார்க்கும் ஸ்மியரில் மறுபடியும் அதே ஜோடிக் கிருமிகள். கிருமி இல்லாமல் வெள்ளணு மட்டும் இருந்திருந்தால் என் யோசனை வேறு பக்கம் போயிருக்கும்: செல் சுவரே இல்லாததால் செஃப்ட்ரையாக்ஸோன் தொடக்கூட முடியாத மைகோபிளாஸ்மா ஜெனிட்டாலியம், அல்லது மெட்ரோனிடசோல் தேவைப்படுகிற டிரைக்கோமோனாஸ். இங்கே அதற்கு அவசியமில்லை.

இந்த முறை கிருமியை லேபில் வளர்த்து எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்கிற கல்ச்சர் அனுப்பியே ஆக வேண்டும் என்று நின்றேன். கொனோரியாக் கிருமி உடம்புக்கு வெளியே ரொம்பப் பலவீனமானது. காய்ந்தால் செத்துவிடும், பிரிட்ஜில் வைத்தால் செத்துவிடும், சாதாரணப் பஞ்சுக் குச்சியில்கூட வாடிவிடும். அதனால் செயற்கை இழைக் குச்சியில் எடுத்து, கரித்தூள் கலந்த ஊடகக் குழாயில் வைத்து, அன்றைக்கே கோயம்புத்தூர் லேபுக்கு ஆள் மூலம் அனுப்பினோம். அங்கே கரியமில வாயு சேர்த்த சூழலில் சாக்லேட் அகார் என்ற வளர்ப்பு ஊடகத்தில் வளர்ப்பார்கள். முடிவு வரும்வரை காத்திராமல் செஃப்ட்ரையாக்ஸோனையே இந்த முறை ஒரு கிராமாகப் போட்டு, டாக்ஸியையும் மறுபடி ஏழு நாள் ஆரம்பித்தேன்.

முடிவு நாலைந்து நாளில் வந்தது. பென்சிலினுக்கும் சிப்ரோவுக்கும் அடங்காது, அசித்ரோவுக்கும் செஃப்ட்ரையாக்ஸோனுக்கும் நன்றாக அடங்கும். ஊசி தோற்கவில்லை. வீட்டிலிருந்து கிருமி திரும்பி வந்திருந்தது.

மனைவியிடம் சொன்னது

நோயாளி அனுமதி இல்லாமல் அவர் நோயை மனைவியிடம் நான் சொல்லக் கூடாது. அதே நேரத்தில் ஐந்து மாதக் கர்ப்பிணிக்குத் தொற்று இருக்கலாம் என்று தெரிந்துகொண்டு சும்மா இருக்கவும் முடியாது. அவரிடம் நேராகச் சொன்னேன்: நீங்களே சொல்லோணும், வீட்டில் சொல்ல முடியாவிட்டால் இங்கே கூட்டிவந்து சொல்லுங்கள், நான் பக்கத்தில் இருக்கிறேன், மருத்துவக் கேள்விக்கெல்லாம் நான் பதில் சொல்கிறேன். சத்துக் குறைவு ஊசி என்று ஏதாவது பொய் சொல்லி மனைவிக்குப் போட்டுவிடச் சொன்னார். அதற்கு நான் உடன்படவில்லை. எதற்கு என்றே தெரியாமல் ஊசி போட்டுக்கொள்கிறவர் கணவரோடு ஏழு நாள் விலகி இருக்க மாட்டார், மறுபரிசோதனைக்கு வர மாட்டார். அது போக, அவர் உடம்பில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வது அவருடைய உரிமை.

இரண்டு நாள் கழித்து இருவரும் வந்தார்கள். மாமியாரும் கூட வந்திருந்தார், அவரை நர்ஸ் வெளியே பேச்சுக் கொடுத்து உட்கார வைத்துக்கொண்டார். கணவர் சொல்லி முடித்தபோது அந்தப் பெண் அழவில்லை, கத்தவில்லை. அவரைத் திரும்பிப் பார்க்காமல் என்னிடம் கேட்டார், "கொழந்தைக்கு ஒண்ணும் ஆகாதுங்களே?" அப்புறம் கொஞ்சம் விட்டு, "எனக்கு ஒரு தொந்தரவும் இல்லீங்களே டாக்டர், ஆரம்ப சுகாதார நிலையத்துல ரத்தம் எடுத்துப் பாத்து எல்லாம் நல்லா இருக்குதுன்னுதானுங்க சொன்னாங்க?"

இரண்டுமே சரியான கேள்விகள். கர்ப்பிணிகளுக்கு அரசு நிலையங்களில் சிபிலிஸ், எச்ஐவி பார்ப்பது வழக்கம், அது நல்ல திட்டம். ஆனால் கொனோரியாவும் கிளமிடியாவும் அந்த வழக்கமான சோதனையில் கிடையாது. போதாததற்கு, அவருக்கு ரத்தம் எடுத்தது மூன்றாம் மாதத்தில், கணவருக்குத் தொற்று வந்ததே அதற்குப் பிறகு. அந்தச் சீட்டில் இருக்கிற 'இல்லை' பழைய நிலவரம். தொந்தரவு இல்லை என்பதும் ஆச்சரியம் இல்லை, ஆணுக்குச் சீழாகக் கொட்டுகிற அதே கிருமி பெண்ணின் கருப்பை வாயில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். வெள்ளைப்படுதல் கொஞ்சம் கூடியிருந்தாலும் கர்ப்பத்தில் சகஜம் என்று விட்டுவிடுவார்கள்.

குழந்தை விஷயத்தில் மறைக்காமல் சொன்னேன். வைத்தியம் செய்யாமல் விட்டால் குறைமாதப் பிரசவ ஆபத்து கூடும், பிறக்கும்போது குழந்தையின் கண்ணில் கிருமி ஏறும். கொனோரியா என்றால் பிறந்த 2 முதல் 5 நாளில் கண் வீங்கிச் சீழ் வரும், பார்வையே போகலாம். கிளமிடியா சற்றுப் பின்னால் கண்ணில் வரும், நெஞ்சுச் சளியாகவும் மாறும். இப்போதே மருந்து போட்டால் இதையெல்லாம் தடுத்துவிடலாம், போடுகிற மருந்து குழந்தைக்குப் பாதுகாப்பானது என்றேன். அதைக் கேட்ட பிறகுதான் அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

ஸ்மியர் பெண்களிடம் நம்பத் தக்கதல்ல என்பதால் பிறப்புறுப்புக் குச்சி மாதிரியைப் பிசிஆருக்கு அனுப்பினோம், கர்ப்பம் என்பதால் இந்தச் செலவுக்கு அவர்கள் தயங்கவில்லை. முடிவுக்குக் காத்திருக்கவும் இல்லை. செஃப்ட்ரையாக்ஸோன் 500 ஊசி, டாக்ஸிக்குப் பதில் அசித்ரோமைசின் ஒரு கிராம் ஒரே வேளை. கர்ப்பத்தின் இந்தக் கட்டத்தில் டாக்ஸி குழந்தையின் எலும்பிலும் பல்லிலும் போய்ப் படியும், ஆகவே கூடாது. மேலே அசித்ரோவைப் பற்றி அவ்வளவு எழுதிவிட்டு அதையே கொடுத்தேன் என்றால், கர்ப்பிணியின் கிளமிடியாவுக்கு அதுதான் சரியான மருந்து. பிசிஆரில் இரண்டு கிருமியுமே இருந்தன. கணவருக்கும் கிளமிடியா இருந்திருக்கும் என்று எடுத்துக்கொண்டது வீண் போகவில்லை.

சிபிலிஸ் பற்றி ஒரு வார்த்தை

கிரந்தி என்று பெரியவர்கள் சொன்ன சிபிலிஸ் இவர்களுக்கு இல்லை. ஆனாலும் அதைத் தேடாமல் எந்தப் பால்வினை நோய் வைத்தியமும் முடியாது. தொற்றி 10 முதல் 90 நாளுக்குள் வலியே இல்லாத ஒரு புண் வரும், தானாக ஆறும், ஆறியதும் ஆள் மறந்துவிடுவார். சில வாரங்களோ மாதங்களோ கழித்து உள்ளங்கை, உள்ளங்காலில் தடிப்பு வந்தால் அலர்ஜி என்று களிம்பு தடவிக்கொண்டிருப்பார். முதல் புண் வந்த புதிதில் விடிஆர்எல் இல்லை என்றே காட்டலாம். ஆச்சரியம் என்னவென்றால் இத்தனை வருடத்தில் கொனோரியா கிட்டத்தட்ட எல்லா மருந்துக்கும் பழகியிருக்க, சிபிலிஸ் கிருமி பென்சிலினுக்கு இன்றுவரை அடங்குகிறது. ஆரம்ப நிலைக்குப் பென்சத்தைன் பென்சிலின் 24 லட்சம் யூனிட் ஒரே ஊசி, நாள்பட்டதற்கு வாரம் ஒன்றாக மூன்று. கர்ப்பிணிக்கு வேறு மாற்று மருந்தே கிடையாது, பென்சிலின் அலர்ஜி இருந்தால்கூட மருத்துவமனையில் வைத்து உடம்பைப் பழக்கி அதையேதான் போடுவார்கள். ஊசிக்குப் பயந்து இதை ஸ்டாக் வைப்பதையே நிறுத்திவிட்ட இடங்கள் இருக்கின்றன, அது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

தொடர்ந்து பார்த்தது

மனைவிக்கு மருந்து கொடுத்து நாலு வாரம் கழித்து மறுபடி பிசிஆர். கர்ப்பத்தில் கிளமிடியா போய்விட்டதா என்று இப்படி உறுதி செய்தே ஆக வேண்டும், அதற்கு முன்னால் பார்த்தால் செத்த கிருமியின் மிச்சமே, கிருமி இருக்கிறது என்று காட்டிவிடும். இரண்டும் இல்லை. மூன்று மாதம் கழித்து இருவருக்கும் பிசிஆர், எச்ஐவி, விடிஆர்எல் எல்லாம் திரும்பப் பார்த்தோம், எல்லாம் இல்லை என்று வந்தது. எச்ஐவி சோதனையை அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில் இலவசமாகச் செய்துகொண்டார்கள், விவரம் வெளியே போகாது என்பதற்கு 2017-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. கணவருக்கு ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியும் ஆரம்பித்தோம். குழந்தை நிறைமாதத்தில் பிறந்தது, கண் சுத்தமாக இருந்தது.

நோய் எங்கிருந்து வந்ததோ அந்தப் பெண்ணுக்கு வைத்தியம் போய்ச் சேரவில்லை. பெயர் தெரியாது, நம்பர் கிடையாது. கடைசி 60 நாளில் உறவில் இருந்த எல்லோருக்கும் மருந்து போக வேண்டும் என்பது விதி, இங்கே அது பாதியில் அறுந்துபோனது. அவருக்கும் சத்தமில்லாமல்தான் இருந்திருக்கும்.

வேலைக்குத் திரும்பப் போகுமுன் அவர் கேட்டார், "போறதுக்கு முன்னாடி ஒரு மாத்திரை போட்டுக்கிட்டா வராதுங்களா?" கேள்வியில் நியாயம் இருக்கிறது. உறவுக்குப் பிறகு 72 மணி நேரத்துக்குள் டாக்ஸி 200 மில்லிகிராம் எடுத்துக்கொள்ளும் முறை ஒன்று உண்டு, 2024-ல் அமெரிக்காவில் வழிகாட்டுதலே வந்தது. அது ஆணோடு உறவுகொள்ளும் ஆண்களுக்கும் திருநங்கைகளுக்கும், அதிலும் முக்கியமாக சிபிலிஸ், கிளமிடியா இரண்டுக்கும் பலன் தந்தது. கென்யாவில் இளம் பெண்களிடம் செய்த ஆய்வில் பலன் தெரியவில்லை. கொனோரியாவை நம்பித் தடுக்க அது போதாது. அவருக்கு நான் சொன்னது ஆணுறை, ஒரு டஜன் கையிலேயே கொடுத்தும் அனுப்பினேன்.

அடுத்த பொங்கலுக்கு முன் ராய்ப்பூர் பக்கமிருந்து போன் வந்தது. கூட வேலை செய்கிற பையனுக்கு அதே தொந்தரவாம், ஊசி பெயரையும் மாத்திரை பெயரையும் மெசேஜில் அனுப்பினால் அங்கேயே கடையில் வாங்கிக்கொள்வார்களாம். பெயரை அனுப்பவில்லை. அங்குள்ள மாவட்ட அரசு மருத்துவமனையில் பால்வினை நோய்ப் பிரிவு இருக்கும், காசு வாங்க மாட்டார்கள், வழி தெரியாவிட்டால் 1097-க்கு அடித்துக் கேளுங்கள் என்றேன். மறுநாள் இவரே அந்தப் பையனை வண்டியில் கூட்டிப் போய், சாம்பல் கிட் இரண்டு வாங்கி வந்திருக்கிறார், ஒன்று பையனுக்கு, இன்னொன்று அவனோடு உறவில் இருந்தவருக்கு. இரண்டாவதைக் கேட்டு வாங்கியது இவர்தான்.